ஆசிரியப் பணிக்கு எத்தனை வாசற்படிகள்?

ஆனி பிறந்து, தென்மேற்குக் காற்று மலைக் கணவாய் வழியே இறங்கிச் சாரலைத் தென்காசித் தெருக்களில் தூவத் தொடங்கும் நாட்களில், இப்பகுதியில் இரண்டு வகையான கூட்டங்களைக் காணலாம். ஒன்று, குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வரும் கூட்டம். மற்றொன்று, மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் உறையிலிட்டு, சாரலில் நனையாதபடி மார்போடு அணைத்துக்கொண்டு, கல்லூரி வாசல்களை நாடிச் செல்லும் பெற்றோர் கூட்டம். முதற் கூட்டம் ஓரிரு நாட்களில் உடல் குளிர்ந்து ஊர் திரும்பிவிடும். இரண்டாம் கூட்டத்தினர் அன்று எடுக்கும் முடிவோ, அவர்தம் பிள்ளைகளின் வாழ்நாள் முழுவதும் உடன் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது ஒரு தாய் எம்மை அணுகினார். பீடி சுற்றி மகளைப் படிக்க வைத்தவர். "ஐயா, என் மகள் வணிகவியலில் பட்டம் வாங்கிவிட்டாள். நல்ல மதிப்பெண். டீச்சராக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவளுடைய ஆசை. பி.எட். சேர்க்கப் போனால், இந்தப் பட்டம் மட்டும் போதாது, எம்.காம். முடித்துவிட்டு வா என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லையே!" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பே இருந்தது.

அத்தாயின் கேள்விக்குரிய விடையே இக்கட்டுரை. மகனையோ மகளையோ ஆசிரியராகக் காண விரும்பும் ஒவ்வொரு குடும்பமும், பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்கு முன்னரே இவற்றை அறிந்திருத்தல் நலம்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் என்னும் எண்ணம்

கற்றவர் எவரும் கற்பிக்கலாம் என்ற எண்ணமே உலகெங்கும் ஒருகாலத்தில் நிலவியது. கற்பித்தல் ஒரு தனிக்கலை, அதற்கெனப் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்து செயற்பட்டவர்களுள் முன்னோடி புனித ஜான் பாப்டிஸ்ட் டி லசால். 1685-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரில், கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சி நிலையத்தை அவர் தொடங்கினார். 1950-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் மாநிலத்தில் 1856-இல் சென்னையில் தொடங்கி, பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் பயிற்சி நிறுவனமே இத்துறைக்கு முன்னோடி. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களும் 1910-இல் அங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றவரே. அந்நாளில் எல்.டி. எனப்பட்ட சான்று, பின்னர் பி.டி. ஆகி, இன்று பி.எட். என வழங்குகிறது. நம் தாத்தாக்கள் பட்டதாரி ஆசிரியரை 'பி.டி. வாத்தியார்' என்று அழைத்ததன் காரணம் இதுவே. நெல்லைச் சீமையில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950-இலும், தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி 1957-இலும் தோன்றின. தென்காசி, செங்கோட்டை, பாவூர்ச்சத்திரம் பகுதிகளிலிருந்து இரயிலிலும் பேருந்திலும் பாளையங்கோட்டை சென்று ஆசிரியராகித் திரும்பியவர் பலர்.

முதற்படி: எந்த வகுப்புக்கு ஆசிரியர்?

பெற்றோர் பலர் இக்கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆனால் எல்லாம் இதிலிருந்தே தொடங்குகிறது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம் பெற வேண்டும். முன்னர் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் எனப்பட்டது இதுவே. பன்னிரண்டாம் வகுப்பில் பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் தேவை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் போன்றோர்க்குச் சலுகை உண்டு. நெல்லை மாவட்டத்து முனைஞ்சிப்பட்டியிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், இவ்வகையில் நம் வட்டாரம் நெடுங்காலமாக அறிந்த பெயராகும்.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு, உரிய பாடத்தில் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு உரிய பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும்.

பெரிய படிப்புப் படித்தவர் சிறிய வகுப்புக்குக் கற்பிக்க முடியாதா என்று சிலர் கேட்பர். 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பி.எட். பெற்றோரையும் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுமதித்தது உண்மையே. ஆனால் 2023 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பச்சிளங் குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனிப்பயிற்சி வேண்டும் பணி, அப்பயிற்சியைத் தருவது பட்டயப் படிப்பே, பி.எட். அதற்கு ஈடாகாது என்பது தீர்ப்பின் சாரம். குழந்தைகளோடு பழகுவதில் மகிழ்ச்சி காணும் மகளைப் பட்டயப் படிப்பில் சேர்ப்பது குறைவான தேர்வன்று. அவள் செல்ல வேண்டிய நேர்வழி அது.

இரண்டாம் படி: எந்தப் பட்டம்?

நம் பகுதியில் பட்டப்படிப்புக்கு வாய்ப்புகள் குறைவில்லை. குற்றாலத்தில் 1964-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, வெளியூர் அனுப்பத் தயங்கிய குடும்பங்களின் பெண்மக்களுக்குப் பட்டப்படிப்பின் கதவைத் திறந்தது. சுரண்டையில் காமராசர் அரசு கலைக்கல்லூரி உள்ளது. ஆனால், எந்தப் பட்டம் என்பதில்தான் விழிப்பு வேண்டும்.

பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் பள்ளியில் கற்பிக்கப்படும் பாடங்களுக்கே உள்ளன: தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். இவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றவர் நேரே பி.எட். சேரலாம். வணிகவியல், பொருளியல் போன்றவை பள்ளியில் மேல்நிலை வகுப்புகளில் மட்டுமே தனிப்பாடங்களாக உள்ளன. ஆகவே அப்பாடங்களில் முதுகலை முடித்த பின்னரே பி.எட். சேர்க்கை என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. அந்தத் தாயின் மகள் எதிர்கொண்டது இதனையே.

புதிய பெயர்களில் வரும் பட்டங்களிலும் கவனம் தேவை. கல்லூரியில் சேரும் முன்னரே, 'இப்பட்டம் பள்ளிப்பாடம் எதற்கு இணையானது? இணைத்தன்மைக்கு அரசாணை உண்டா?' என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மற்றொன்றும் உண்டு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பெற்ற பட்டம், தமிழக அரசின் 2009-ஆம் ஆண்டு ஆணைப்படி அரசுப் பணிக்குத் தகுதியாகாது. முறைப்படி பத்து, பன்னிரண்டு, பின்னர் பட்டம் என்ற வரிசையே பாதுகாப்பானது.

மூன்றாம் படி: பி.எட்.

முன்னர் ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு, 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டுகளாயிற்று. 2008-இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் சென்னையில் தொடங்கப்பெற்றபின், கல்வியியல் கல்லூரிகள் அதன்கீழ் இணைக்கப்பட்டன. பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர் 45, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 43, தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும் என்பது சேர்க்கையில் பின்பற்றப்பட்டு வரும் அளவுகோல். ஆண்டுதோறும் வெளியாகும் சேர்க்கை அறிவிப்பில் இதனைச் சரிபார்த்துக்கொள்க.

இப்படிப்பின் உயிர்நாடி வகுப்பறைப் பயிற்சி. இரண்டாண்டுகளில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளிகளில் செலவிட வேண்டும். பாட வகுப்புகளில் 80 விழுக்காடும், பள்ளிப் பயிற்சியில் 90 விழுக்காடும் வருகை கட்டாயம். 'கல்லூரிக்கு வரவே வேண்டாம், பணம் கட்டினால் பட்டம்' என்று எவரேனும் ஆசை காட்டினால், அவரிடமிருந்து விலகுங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் பெற்ற பட்டம், 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைக்குச் செல்லாது. நகையை அடகு வைத்து வாங்கிய காகிதம் பெட்டியிலேயே மக்கிப்போகும். கல்லூரியின் அங்கீகார ஆணையைக் காட்டும்படி கேட்பது பெற்றோரின் உரிமை; அதில் கூச்சம் வேண்டாம்.

நான்காம் படி: தகுதித் தேர்வு

பட்டம் பெற்றதும் பணி கிட்டிய காலம் போய்விட்டது. குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து 2010 ஆகஸ்டு 23 அன்று வெளியான அறிவிப்பின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறுவது கட்டாயமாயிற்று. முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு. இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை கற்பிப்போர்க்கு. ஒவ்வொன்றிலும் 150 வினாக்கள். வினாவுக்கு ஒரு மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத் தலா 30. எஞ்சிய 60 பாடப்பகுதிக்கு. பொதுப்பிரிவினர்க்குத் தேர்ச்சி 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண். ஏனைய பிரிவினர்க்குச் சலுகை உண்டு. அதன் அளவு அரசாணைகளால் மாறி வந்துள்ளதால் அவ்வப்போதைய அறிவிப்பைக் காண்க.

இத்தேர்வை எளிதாக எண்ணிவிடலாகாது. தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். வென்றவர் 2,448 பேரே. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் ஒரு தேர்வு நடத்த வேண்டியதாயிற்று. தேர்ச்சிச் சான்று முன்னர் ஏழாண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்றிருந்தது. 2021-இல் வாழ்நாள் முழுவதற்கும் என மாற்றப்பட்டது.

தகுதித் தேர்வில் தேறியதாலேயே அரசுப் பணி கிட்டிவிடாது என்பதையும் மறவாதீர். 2018-ஆம் ஆண்டின் அரசாணைப்படி, பணி நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு தனியே உண்டு. அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளிலும் தேற வேண்டும்.

நம் பள்ளிகளின் நிலை

'மறைமாவட்டப் பள்ளியிலோ கன்னியர் பள்ளியிலோ வேலை கிடைத்துவிட்டால் இத்தேர்வெல்லாம் தேவையில்லையே' என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. இவ்வெண்ணத்துக்கு அடிப்படை உண்டு. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினர்க்குக் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை அளிக்கிறது. அதன் அடிப்படையில் 2014 மே 6 அன்று, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் 2025 செப்டம்பர் முதல் நாள் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பினர். ஏனைய பள்ளிகளில் ஏற்கெனவே பணியிலிருந்து, ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளோரும், இரண்டாண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றும் அதே தீர்ப்புக் கூறியது. இருபது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவர்கள் மீண்டும் மாணவராகப் புத்தகத்தை விரிக்க நேர்ந்தது எத்துணை வேதனை என்பதை அவ்வீட்டார் அறிவர்.

சிறுபான்மை உரிமைக்காகக் குரல் கொடுப்பது வேறு. நம் பிள்ளைகள் தேர்வுக்கு அஞ்சி அவ்வுரிமையின் பின்னே ஒளிந்துகொள்வது வேறு. சட்டம் எவ்வாறு முடியினும், தேர்ச்சிச் சான்றைக் கையில் வைத்திருப்பவரை எந்தத் தீர்ப்பும் வீட்டுக்கு அனுப்பாது. அன்றியும், நம் பள்ளிகளை நாடி வரும் ஏழைப் பிள்ளைகள் தகுதி மிக்க ஆசிரியரைப் பெற உரிமையுடையோர் அல்லரோ?

அந்தத் தாய்க்குச் சொன்ன விடை

அத்தாயிடம் இவற்றையெல்லாம் பொறுமையாக எடுத்துரைத்தோம். 'உங்கள் மகளின் மூன்றாண்டுகள் வீணாகவில்லை. எம்.காம். முடித்துப் பி.எட். பெற்றால், மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் ஆசிரியராகலாம். தகுதித் தேர்வு எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கே. முதுகலை ஆசிரியர்க்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. ஆனால் இன்னும் நான்கு ஆண்டுகள் ஆகும்' என்றோம். நான்கு ஆண்டுகள் என்றதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. விரல்களை மடக்கி ஏதோ கணக்கிட்டார். பின்னர், "வழி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், ஐயா. நடந்துவிடலாம். வழியே தெரியாமல் நிற்பதுதான் கஷ்டம்" என்றார்.

பெற்றோரே, இந்தச் சொற்களை நாம் மறக்கலாகாது. இவ்வாசற்படிகள் நம்மைத் தடுப்பதற்காக இடப்பட்டவை அல்ல. வகுப்பறையில் அமரும் குழந்தையின் நலன் கருதியே இடப்பட்டவை. ஆயினும் எத்தனை படிகள், எங்கே இருக்கின்றன என்று முன்னரே அறிந்தவரே இடறாமல் ஏறுவர். நம் பங்கில் பணியாற்றும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் பெற்றோரை ஆண்டுக்கு ஒரு ஞாயிறு மாலை கூட்டி வைத்து, இவற்றை விளக்கினால் எத்தனை வீடுகளின் கண்ணீர் தவிர்க்கப்படும்! அடுத்த சாரல் காலம் வருவதற்குள், ஒவ்வொரு பங்கிலும் அப்படி ஒரு மாலைப் பொழுது நிகழட்டும்.