பழைய டேப், டை... துருப்பிடித்த இரும்பை ஏன் தேடி வாங்குறாங்க?

"மரை கழண்டுபோச்சு" என்று கிண்டல் செய்வதுண்டு. அந்த மரையை வெட்டும் பழைய கருவிகளைச் சேர்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்போரும் இருக்கின்றனர்.

துளைக்குள் மரை வெட்டுவது டேப். கம்பியின் மேல் வெட்டுவது டை. சிங்கப்பூரில் 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கே ரோடு சந்தை போன்ற இடங்களில் பழைய கருவிகள் தரையில் பரப்பி விற்கப்பட்டன.

புதுசு கிடைக்கும்போது பழசு எதுக்கு?

ஒருகாலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஓரிடத்து நட்டு வேறிடத்து போல்ட்டில் ஏறாது. 1841இல் பிரிட்டனின் ஜோசப் விட்வொர்த் ஒரே அளவுமுறையை முன்வைத்தார். அதன் கோணம் 55 டிகிரி. 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி முறையைப் பரிந்துரைத்தார்.

வித்தியாசம் சின்னதுதானே? அங்கேதான் சிக்கல். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை. அதே அளவு அமெரிக்க போல்ட்டில் 13. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகிவிடும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் மரை போச்சு.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்கே இது தலைவலியானது. 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகியவை 60 டிகிரியில் பொது முறைக்கு ஒப்புக்கொண்டன. விட்வொர்த் மெல்ல ஒதுங்கியது.

ஆனால் பழைய லேத்தும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளும் ஒதுங்கவில்லை. அவற்றைப் பழுதுபார்க்க அந்தக் காலத்து டேப்தான் சரியாக உட்காரும். தமிழர்கள் உட்பட ஏராளமான இந்தியர்கள் வேலை பார்த்த செம்பவாங் கடற்படைத் தளமும் பிரிட்டிஷ் காலத்துப் பட்டறைதான். தாத்தாவின் பெட்டியில் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

இன்னொன்று: நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரை இன்றும் 55 டிகிரிதான்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

முதலில் முத்திரை. 'பி.எஸ்.டபிள்யூ' என்றிருந்தால் விட்வொர்த். எழுத்து தேய்ந்திருந்தால் பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். பல் உடைந்திருந்தால் அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும்.

துருவுக்குச் சில மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, கழுவித் துடைத்து எண்ணெய் பூசினால் போதும். அதிக நேரம் விட்டால் வினிகர் கூர்முனையையே அரித்துவிடும். கிரைண்டர் மட்டும் வேண்டாம். பழைய டேப் பலவும் கார்பன் எஃகு. சூடேறி நீலம் பாய்ந்தால் கடினத்தன்மை போய்விடும், அப்புறம் அது இரும்பை வெட்டாது.