டார்ச் பற்றவைக்கும் முன்: எந்த வாயு வாங்கலாம்?

ஊரில் கேட் உடைந்தால் தெருமுனைப் பட்டறைக்குச் சொல்லி அனுப்புவோம். இங்கே ஆள் கூலியைக் கேட்டதும் பலருக்கும் கை வேலையில் ஆர்வம் வந்துவிடுகிறது. தண்ணீர்க் குழாயை ஒட்டுவது, பழைய வேலிக் கம்பியை வெட்டுவது, இரும்பில் கலைப் பொருள் செய்வது என்று நம் நண்பர்கள் பலரின் வாரக் கடைசி கராஜில்தான் கழிகிறது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வாயு நல்லது?" என்பது. இதற்கு விலையையும் சூட்டையும் மட்டும் வைத்துப் பதில் சொல்லிவிட முடியாது. நம் நுரையீரலையும், பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்த வேலைக்கு எது?

அசெட்டிலீன்: ஆக்சிஜனுடன் எரியும்போது இதன் சுடர் சுமார் 3,100 டிகிரி செல்சியஸ் வரை போகும். இரும்பை இரும்போடு உருக்கிச் சேர்க்கும் கேஸ் வெல்டிங்கிற்கு இதுதான் வேண்டும்.

புரோப்பேன்: ஆக்சிஜனுடன் சுமார் 2,800 டிகிரி. இதை வைத்து இரும்பை வெல்டிங் செய்ய முடியாது. ஆனால் வெட்டவும், வளைக்கச் சூடாக்கவும், பித்தளைக் கம்பி கொண்டு பற்றவைக்கவும் தாராளமாகப் போதும். வெட்டும்போது வாயுவின் வேலை இரும்பைச் சிவக்கச் சூடாக்குவதுதான்; வெட்டுவது ஆக்சிஜன். அசெட்டிலீனை விட இதற்கு ஆக்சிஜன் அதிகம் செலவாகும். டார்ச்சின் முனையும் ரப்பர் குழாயும் புரோப்பேனுக்கு என்றே தயாரித்தவையாக இருக்க வேண்டும்.

மஞ்சள் சிலிண்டர்: பலர் இதை இன்னும் 'மேப்' வாயு என்றே சொல்கிறார்கள். அந்தப் பழைய கலவையின் உற்பத்தி வட அமெரிக்காவில் 2008-லேயே நின்றுவிட்டது. இப்போது அதில் இருப்பது பெரும்பாலும் புரோப்பிலீன். செம்புக் குழாய் ஒட்ட இதுவோ சாதாரண புரோப்பேனோ போதும். ஆக்சிஜன் சிலிண்டரே தேவையில்லை.

பெர்த் அம்பாயில் நடந்தது

நம்மவர்கள் நிறைய வாழும் எடிசனுக்குப் பக்கத்து ஊர், நியூ ஜெர்சியின் பெர்த் அம்பாய். 2005 ஜனவரி 25 அன்று அங்கே அசெட்டிலீன் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வெடிவிபத்து நடந்தது. மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. ஒரு வால்வு சரியாக மூடாததால் வாயு தண்ணீர்க் குழாய் வழியே பின்னோக்கி வந்து, மூடிய மரக் கொட்டகைக்குள் சேர்ந்திருக்கிறது. அங்கிருந்த ஹீட்டர் அதைப் பற்றவைத்திருக்கலாம் என்பது வாரியத்தின் முடிவு.

2007 ஜூலையில் டெக்சாஸின் டாலஸ் நகரில் அசெட்டிலீன் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடித்துச் சிதறியதும் சிலருக்கு நினைவிருக்கும்.

அவை பெரிய ஆலைகள், நமக்கென்ன என்று விட்டுவிட வேண்டாம். கசியும் வாயு, மூடிய இடம், ஒரு சின்ன நெருப்பு: இந்த மூன்றும் நம் கராஜிலும் உண்டு. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பல வீடுகளில் வாட்டர் ஹீட்டர் கராஜில்தான் இருக்கிறது. புரோப்பேன் காற்றை விடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தேங்கும். அசெட்டிலீன் காற்றை விடச் சற்று லேசானது. ஆனால் காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பூண்டு போன்ற வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், 911-ஐ அழையுங்கள்.

நுரையீரலுக்கு என்ன ஆகும்?

எந்த வாயுவானாலும் சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வரலாம். இரண்டாவது மிகவும் ஏமாற்றக்கூடியது. அப்போதைக்கு லேசான இருமலோடு போய், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூடிய கராஜில் வேலை செய்த பிறகு இரவில் மூச்சு வாங்கினால், காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

உலோகமும் புகை விடும். துத்தநாகம் பூசிய வேலிக் கம்பியைச் சூடாக்கினால் சில மணி நேரம் கழித்து ஃப்ளூ போலவே குளிர், காய்ச்சல், உடல்வலி வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றுக் கம்பியின் புகையோ உயிரையே பறிக்கக்கூடியது. 'காட்மியம் இல்லாதது' என்று அச்சிட்ட கம்பியை மட்டும் வாங்குங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த உலோகத்தில் சுடரைக் காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-ல் வகைப்படுத்தியது.

கவனிக்க வேண்டியவை

• முடிந்தவரை வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலோ வரும்படி நின்று வேலை செய்யுங்கள்.
• அசெட்டிலீனை 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் ஒருபோதும் திறக்காதீர்கள். அது தானாகவே வெடிக்கக்கூடியது.
• அசெட்டிலீன் சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வையுங்கள். உள்ளே அசிட்டோன் திரவம் இருக்கிறது; படுக்க வைத்தால் அது குழாய்க்குள் வரும்.
• ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. ஆக்சிஜனால் உடையில் உள்ள தூசியை ஊதக்கூடாது.
• சுடர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் வால்வை இரண்டு குழாய்களிலும் பொருத்துங்கள்.
• வெயில் கண்ணாடி போதாது. வெட்டுவதற்கு 3 அல்லது 4, வெல்டிங்கிற்கு 4 முதல் 6 எண் கொண்ட நிறக் கண்ணாடி தேவை.
• பருத்தி உடை அணியுங்கள்; பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.
• பார்பிக்யூவின் 20 பவுண்டு புரோப்பேன் சிலிண்டரை வீட்டிலோ கராஜிலோ வைக்காதீர்கள்.

செம்புக் குழாய்க்குச் சின்ன சிலிண்டர்; வெட்டவும் சூடாக்கவும் புரோப்பேன்; இரும்பை உருக்கிச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் மட்டும் அசெட்டிலீன். அதையும் முதலில் ஊரிலுள்ள கம்யூனிட்டி காலேஜ் வெல்டிங் வகுப்பில் பழகிக்கொள்வது நல்லது. வேலைக்குத் தேவைப்படாத வாயு வீட்டுக்கு வர வேண்டாம்.

புகையைச் சுவாசித்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தால் விஷ முறிவு ஆலோசனை மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். இந்த எண்ணைக் கராஜ் சுவரில் இன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.