உங்களுக்குத் தெரியுமா? மணி பிளான்ட்டைக் கொல்வது வெயில் அல்ல, சொம்பு!

புழல் ஏரியைத் திறக்கும்போது வரும் வெள்ள எச்சரிக்கையைப் படித்திருக்கிறீர்களா? நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன் என்று ஊர் ஊராக இறங்கி மணலி, சடையங்குப்பம் வரை வந்து நிற்கும். 3,300 மில்லியன் கனஅடி கொள்ளும் ஏரிக்கே உபரிநீர் போக வழி வேண்டியிருக்கிறது. சடையங்குப்பத்து வீட்டு ஜன்னலில் இருக்கும் ஒரு சாண் தொட்டிக்கு? அடியில் ஓட்டை இருக்கிறதா? இப்போதே தூக்கிப் பாருங்கள்!

வேரும் மூச்சு விடும்! காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண் எந்நேரமும் சதசதவென்று இருந்தால் வேர் திணறும், அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. இலை தொங்கும். நாம் பதறிப்போய் இன்னொரு சொம்பு ஊற்றுவோம். தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிறது செடி!

தொட்டி அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்கிறார்களா? வடியாது! மேலே இருக்கும் மண் முழுக்க ஊறி வழியும்வரை ஒரு சொட்டுகூடக் கல்லுக்குள் இறங்காது. ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் போய்த் தேங்கும். இத்தனை வருடம் எத்தனை கூடை ஜல்லி போட்டிருப்போம்!

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், விரலால் பாருங்கள். ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். நர்சரிச் செலவே இல்லாத கருவி, உங்களிடம் 10 இருக்கிறது!

கோகோபீட் தொட்டி என்றால் கண்ணை நம்பவே நம்பாதீர்கள். தேங்காய் நார்த்தூள் தன் எடையைப்போல் சுமார் 8 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பொருபொருவென்று காய்ந்திருக்கும், உள்ளே குளம்! தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனம் உண்மையைச் சொல்லிவிடும்.

சரி, லக்கி பாம்பூ மட்டும் கண்ணாடிக் குவளைத் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் எப்படி நிற்கிறது? முதலில், அது மூங்கிலே இல்லை! ஆப்பிரிக்காவின் டிராசினா. தண்ணீரிலேயே முளைத்த வேர் தனக்குள் காற்றுக் குழாய் போட்டுக்கொள்கிறது. பாட்டிலில் வளரும் மணி பிளான்ட்டும் இதே சாமர்த்தியம்தான்!

அந்த மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக் கடலில் மொரேயா என்ற குட்டித் தீவு. வீட்டில் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? இருக்காது. பூக்கத் தூண்டும் ஹார்மோனைச் செய்யும் மரபணு அதற்குள் சரியாக வேலை செய்வதில்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல்!

பாட்டில் தண்ணீரும் தொட்டித் தட்டும் வேறு ஒரு ஆளுக்கும் வீடு. ஏடிஸ் கொசு! டெங்குவைப் பரப்பும் இந்தக் கொசு முட்டையிட ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும். முட்டை கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும்! வாரம் ஒரு தடவை கொட்டுங்கள். நாரைப் போட்டு அழுத்தித் தேயுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மறக்காதீர்கள்.

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? வடசென்னைக் கடலோரத்தில் இதுதான் பெரிய கேள்வி! போர் தண்ணி உப்புக் கரிக்கிறதா? தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மட்டும் தொட்டியில் உட்கார்ந்துகொள்ளும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம், இலை நுனியில் காய்ந்த பழுப்பு. பார்த்ததும் உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கொட்டாதீர்கள். உரமும் உப்புதான்! நல்ல தண்ணீரை மடமடவென்று ஊற்றி அடி வழியே ஓடவிட்டால் பாதி உயிர் திரும்பிவிடும்.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010-ல் அதைக் குடிநீராக்கத் தொடங்கினார்கள். அங்கே அமைந்த மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் ஆலையின் திறன் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர்! வடசென்னையில் உங்கள் செடி குடித்த மெட்ரோ தண்ணி முந்தின நாள் வங்கக் கடலாக இருந்திருக்கலாம்!

வீட்டு ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல். அது தரை துடைக்க. ஏ.சி. குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம், உப்பே கிடையாது. அது செடிக்கு! இரண்டு வாளியையும் மாற்றிவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கணக்கு என்கிறீர்களா? 2019 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர்!

குடித்த தண்ணீரைச் செடி என்ன செய்கிறது? ஏறக்குறைய 97 சதவீதத்தை இலை வழியே ஊதிவிடுகிறது! 1727-லேயே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் சூரியகாந்திச் செடியைத் தராசில் வைத்து எடை பார்த்ததை எழுதினார். ஒரே அளவு உடம்பு என்று வைத்துக்கொண்டால் மனிதனைவிட அது 17 மடங்கு வியர்க்கிறதாம்!

ஸ்நேக் பிளான்ட் ராத்திரி ஆசாமி. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இருட்டிய பிறகுதான் திறக்கும். அதனால் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. மழைக்காலத்தில் அதை அப்படியே மறந்துவிடுங்கள், கோபித்துக்கொள்ளாது!

இசட் இசட் பிளான்ட் அதற்கும் மேல். இலையில் 91 சதவீதம் தண்ணீர், மண்ணுக்கடியில் கிழங்கிலும் சேமிப்பு. நீங்கள் மாதக்கணக்கில் ஊருக்குப் போய் வந்தாலும் பளபளவென்று நிற்கும்!

காலையில் மணி பிளான்ட் இலை நுனியில் ஒரு துளி தொங்குகிறதே, பனியா? இல்லை! ராத்திரி வேர் தள்ளிய தண்ணீர் இலை ஓரத் துளை வழியே கசிந்தது. மண்ணில் ஈரம் தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குச் சொம்புக்கு லீவு!

மத்தியான வெயிலில் இலைமேல் தண்ணீர் பட்டால் லென்ஸ் மாதிரி சுட்டுவிடும் என்பார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்து 2010-ல் எழுதினார்கள். வழுவழுப்பான இலையில் ஒரு தீப்புண்ணும் விழவில்லை! ரோமம் உள்ள இலைகளுக்குத்தான் ஆபத்து.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டபின் எனக்குத் தூக்கமே வரவில்லை. தாகம் எடுத்த செடி சத்தம் போடுகிறது! டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளி, புகையிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்து 2023-ல் வெளியிட்டார்கள். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். செடியின் 'டிக்' 40 முதல் 80 வரை! அதனால்தான் இத்தனை காலம் நமக்குக் கேட்கவில்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்த செடி மணிக்கு 30 முதல் 50 தடவை 'டிக்' என்றது. வேண்டிய அளவு குடித்த செடி? மணிக்கு ஒன்றுக்கும் குறைவு!