4,000 மணி நேரம் முடிஞ்சா பணம் வந்துடுமா? யூடியூப் கனவோட உண்மைக் கணக்கு

வேலைக்குப் போயிட்டே ஒரு யூடியூப் சேனல் நடத்தணும், மாசம் பத்தாயிரம் ரூபாயாவது கூடுதலா வரணும். சம்பளம் வாங்குற பலருக்கும் இந்த ஆசை இருக்கு. சமையல், பைக் பயணம், எக்ஸெல் பாடம், டிஎன்பிஎஸ்சி குறிப்புகள்னு ஏதாவது ஒண்ணை ஆரம்பிச்சு, ராத்திரி 11 மணிக்கு எடிட்டிங் பண்ணிட்டு இருக்கிறவங்க உங்க ஆபீஸ்லயே இருப்பாங்க. அவங்க எல்லோரும் துரத்துறது மானிட்டைசேஷனைத்தான். அது கிடைச்சா கஷ்டம் தீர்ந்துடும்னு நினைக்கிறாங்க. நிஜத்துல பணக் கணக்கு அதுக்கு அப்புறம்தான் தொடங்குது. அந்தக் கணக்கைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

எல்லைக்கோடு எங்கே இருக்கு?

2017-ல ஒரு சேனல் மொத்தமா 10,000 பார்வைகளைத் தொட்டாலே விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2018 பிப்ரவரியில விதி மாறுச்சு. 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடைசி 12 மாதத்துல 4,000 மணி நேரப் பார்வையும் வேணும். 4,000 மணி நேரத்துக்குப் பதிலா 90 நாள்ல 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைங்கிற வழி பிறகுதான் வந்தது. 2023-ல 500 சப்ஸ்கிரைபர், 3,000 மணி நேரம்னு ஒரு சின்னப் படியும் வந்தது. ஆனா அந்தப் படியில மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் மாதிரி ரசிகர்கள் நேரடியா கொடுக்குற பணம்தான் கிடைக்கும். விளம்பரப் பங்கு கிடையாது.

1,000 சப்ஸ்கிரைபரை சொந்தக்காரங்க, காலேஜ் நண்பர்கள், வாட்ஸ்அப் குரூப் எல்லாரையும் கேட்டு எப்படியோ தேத்திடலாம். 4,000 மணி நேரத்தை அப்படித் தேத்த முடியாது.

4,000 மணி நேரம்னா 2,40,000 நிமிடம். ஒருத்தர் உங்க வீடியோவை சராசரியா 3 நிமிடம் பார்க்குறார்னு வைங்க. அப்போ 80,000 பார்வைகள் வேணும். ஒரு நாளைக்கு சுமார் 219 பேர், 365 நாளும் விடாம வரணும்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. கணக்குல வர்றது கடைசி 12 மாதம் மட்டும்தான். போன வருஷம் ஜனவரியில ஓடின வீடியோவோட மணி நேரம் இந்த வருஷம் ஜனவரியில கழிஞ்சுடும். ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற மாதிரி, ஒரு பக்கம் சேரச் சேர இன்னொரு பக்கம் ஒழுகிட்டே இருக்கும். 3,600 வரைக்கும் வந்துட்டு, ரெண்டு மாசம் ஆபீஸ் வேலையில மாட்டி, திரும்ப 3,100-க்கு இறங்குறவங்க இப்படித்தான் மாட்டிக்கிறாங்க. ஷார்ட்ஸ் ஃபீட்ல கிடைக்குற பார்வை நேரமும், நீங்க டெலிட் பண்ணின வீடியோவோட நேரமும் இந்த 4,000-ல சேராது.

அவசரத்துல பண்ற தப்புகள்

இந்தக் கட்டத்துலதான் "4,000 மணி நேரம் வாங்கித் தர்றோம்"னு டெலிகிராம்ல விளம்பரம் கண்ணுல படும். காசு கொடுத்து வாங்குற பார்வை யூடியூப் விதிக்கு எதிரானது. அந்த மணி நேரம் கணக்குல இருந்து நீக்கப்படும், சேனலே போகவும் வாய்ப்பு இருக்கு. "நீ என்னை சப்ஸ்கிரைப் பண்ணு, நான் உன்னைப் பண்றேன்"ங்கிற குரூப்பும் இதே கதைதான். அப்படி வர்றவங்க வீடியோவைப் பார்க்கவும் மாட்டாங்க.

அடுத்து சினிமாப் பாட்டு. பின்னணியில ஒரு ஹிட் பாட்டைப் போட்டா வீடியோ நல்லா இருக்கும்தான். ஆனா உரிமையாளர் காப்பிரைட் க்ளெய்ம் போட்டா, அந்த வீடியோவோட விளம்பரப் பணம் அவங்களுக்குப் போகலாம். அடுத்தவங்க வீடியோவை வெட்டி ஒட்டுறது, ஒரே அச்சுல வீடியோவா தயாரிச்சுத் தள்ளுறது, இதெல்லாம் எல்லைக்கோட்டைத் தாண்டின பிறகும் விண்ணப்பத்தை நிராகரிக்க வைக்கும். முதல் தடவை நிராகரிச்சா, திரும்ப விண்ணப்பிக்க 30 நாள் காத்திருக்கணும்.

கேட் திறந்தாச்சு. பணம் எப்போ?

சரி, மானிட்டைசேஷன் கிடைச்சாச்சு. அதுக்கு முன்னாடி ஓடின பார்வைகளுக்குப் பணம் கிடையாது, அன்னைக்குத்தான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். வீடியோவுல வர்ற விளம்பரப் பணத்துல 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸ்ல, உங்களுக்குன்னு ஒதுக்கப்படுற தொகையில 45 சதவீதம். 10 டாலர் சேர்ந்ததும் உங்க முகவரியைச் சரிபார்க்க தபால்ல ஒரு பின் நம்பர் வரும். 100 டாலர் சேர்ந்தாதான் பணம் பேங்க் அக்கவுண்டுக்கு வரும்.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. 1,000 பார்வைக்கு உங்க கைக்கு 40 ரூபாய் வருதுன்னு வைப்போம். தலைப்பு, பார்வையாளர் இருக்குற நாடு, சீசன் இதையெல்லாம் பொறுத்து இது கூடும், குறையும். டாலர் 85 ரூபாய்னு வைப்போம்.

வருஷம் 80,000 பார்வைன்னா வருமானம் 3,200 ரூபாய். 100 டாலர், அதாவது 8,500 ரூபாய் சேர ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆகும். வாரம் 12 மணி நேரம் உழைச்சா வருஷத்துக்கு 624 மணி நேரம். அப்போ ஒரு மணி நேரத்துக்கு உங்க கூலி சுமார் 5 ரூபாய்!

அதே சேனலுக்காக 60,000 ரூபாய்க்கு கேமரா வாங்கினா, அந்தக் காசை எடுக்கவே 15 லட்சம் பார்வை வேணும். இதே வேகத்துல போனா 18 வருஷத்துக்கு மேல. ஆனா 12 மாச ஈஎம்ஐன்னா, மாசா மாசம் 5,000 ரூபாய் உங்க சம்பளத்துல இருந்துதான் போகும்.

அப்போ சேனலே வேண்டாமா?

அப்படிச் சொல்லலை. மேல சொன்னது எல்லைக்கோட்டுல நிக்குற சேனலோட கணக்கு. பார்வை பத்து மடங்கு ஆனா வருமானமும் பத்து மடங்கு ஆகும். ஆனா அதுவரைக்கும் உங்க பர்ஸ் தாங்கணும். அதுக்கு சில விஷயங்கள்:

1. முதல் வருஷம் போனும் ஒரு சின்ன காலர் மைக்கும் போதும். அதுக்கு மேல எந்தச் செலவும் சேனல் சம்பாதிச்ச பணத்துல இருந்து மட்டும்தான். எஸ்ஐபியை நிறுத்தியோ, கிரெடிட் கார்டுல தேய்ச்சோ வேண்டாம்.

2. நாளைக்கே பழசாகுற செய்தியை விட, மூணு வருஷம் கழிச்சும் ஒருத்தர் தேடிப் பார்க்குற தலைப்பை எடுங்க. "பிஎஃப் பணம் எடுப்பது எப்படி" மாதிரி வீடியோ நீங்க தூங்கும்போதும் மணி நேரம் சேர்க்கும்.

3. விளம்பரத்தை மட்டும் நம்பாதீங்க. எக்ஸெல் சொல்லித் தர்றவருக்கு அந்த வீடியோவே விசிட்டிங் கார்டு. அதைப் பார்த்து வர்ற ரெண்டு டியூஷன் மாணவர்கள், ஒரு வருஷ விளம்பரப் பணத்தை விட அதிகமா கொடுக்கலாம்.

4. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வேற வருமானம் தரும் வேலை செய்யக் கூடாதுன்னு பல கம்பெனிகள் போட்டிருப்பாங்க. எச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டா நிம்மதி.

5. வருமானம் வந்தா வரிக் கணக்குல காட்டணும். தொழில் வருமானமா காட்டினா ஐடிஆர்-1 பொருந்தாது. ஆட்சென்ஸ்ல கேட்குற அமெரிக்க வரி விவரத்தையும் நிரப்பிடுங்க. நிரப்பலைன்னா மொத்த வருமானத்துல 24 சதவீதம் வரைக்கும் பிடிக்கலாம். நிரப்பி, வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டா, அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலமா வர்ற பணத்துல மட்டும் 15 சதவீதம் பிடிப்பாங்க.

6. வேலையை விடுறதைப் பத்தி யோசிக்கணும்னா, சேனல் வருமானம் தொடர்ந்து 12 மாசம் உங்க வீட்டுச் செலவைத் தாண்டி வரணும். அதோட 6 மாசச் செலவுக்கு அவசர நிதியும் தனியா இருக்கணும். ஒரு மாசம் வைரல் ஆனதை வச்சு முடிவு எடுக்காதீங்க.

ஏற்கெனவே சேனல் வச்சிருக்கீங்களா? யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து மூணு எண்ணைக் குறிச்சுக்கோங்க: சராசரி பார்வை நேரம், ஒரு நாள் பார்வை எண்ணிக்கை, இதுவரைக்கும் நீங்க போட்ட பணம். மேல இருக்குற கணக்குல அதைப் போட்டுப் பாருங்க. வந்த விடையை கமெண்ட்ல சொல்லுங்க, பேசலாம்.