விலையில் எழுதப்படாத வட்டி: நாகூர் வணிகரும் நகராட்சி டெண்டரும்

நாகூருக்கென்று தனி நகராட்சி கிடையாது. தெற்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினத்தோடு சேர்ந்தே அது நிர்வகிக்கப்படுகிறது. 1866இல் அமைந்து, இன்று 36 வார்டுகளாகப் பிரிந்து, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,02,905 பேரைக் கொண்டிருந்த நாகப்பட்டினம் நகராட்சியின் வடபகுதியே நாகூர். தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், குடிநீர்க் குழாய், துப்புரவு வண்டிக்கான உதிரிப்பாகம், வடிகால் தூர்வாரும் எந்திர வாடகை, அலுவலகத்துக்கான எழுதுபொருள் என இந்நகராட்சி ஆண்டு முழுவதும் எதையாவது வாங்கிக்கொண்டேயிருக்கிறது. அவற்றுள் கணிசமானவை நாகூர்க் கடைத்தெருவிலேயே கிடைக்கக்கூடியவை. ஆயினும் கடையில் வந்து வாங்கும் வாடிக்கையாளருக்கு விற்பதும் நகராட்சிக்கு விற்பதும் முற்றிலும் வெவ்வேறான தொழில்கள். முன்னதில் விலையும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறுகின்றன. பின்னதில் விலை ஒரு நாளிலும் பணம் வேறொரு நாளிலும் தீர்மானமாகின்றன. அவ்விரு நாள்களுக்கும் இடையிலான தூரத்தைச் சட்டம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே அரசுக் கொள்முதலில் சிறு வணிகர் எதிர்கொள்ளும் தலையாய சிக்கல்.

விலை தீர்மானமாகும் நாளைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. அரசுக் கொள்முதலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு. 1998இல் நிறைவேறிய ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000இல் வகுக்கப்பட்ட அதன் விதிகளும் அரசுத் துறைகள், வாரியங்கள், கூட்டுறவு நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகிய அனைத்தையும் கட்டுப்படுத்துகின்றன. கர்நாடகம் 1999இல் இதே வழியைப் பின்பற்றியது. நாடு முழுமைக்குமாக 2012இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதாவோ சட்டமாகாமலே காலாவதியாயிற்று. ஒப்பந்தப்புள்ளி என்பது, கேட்கப்பட்ட பொருளை அல்லது பணியை, கேட்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இன்ன விலைக்குத் தருவதாக ஒருவர் எழுத்தில் அளிக்கும் உறுதி, பேச்சுவழக்கில் டெண்டர். அதைக் கோரும் அலுவலர், ஏற்கும் அலுவலர் அல்லது குழு ஆகியோர் யார் யார் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும், தெரிவு முறையை ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றும், எழுதாத காரணத்தைக் காட்டி எவரையும் ஒதுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தரப்பட வேண்டும். அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி ஒருவர் காரணத்தை எழுதிவைத்து அனுமதிக்க வேண்டும். முடிவால் பாதிக்கப்பட்டவர், ஆணை கிடைத்த பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பிப்பவர் முன்வைப்புத் தொகை ஒன்றைக் கட்டுகிறார். இ.எம்.டி. என்றே இதைக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கு மிகாத இத்தொகை, டெண்டர் கிடைத்த பின் பின்வாங்கினால் பறிபோகும். கிடைத்தவர் ஐந்து விழுக்காட்டுக்கு மிகாத காப்புத்தொகையைச் செலுத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். இரண்டு உறை முறையாயின், தகுதி ஆவணங்கள் கொண்ட உறை முதலில் திறக்கப்படுகிறது. அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிறகு திறக்கப்படுகிறது. எல்-1 என வழங்கும் மிகக் குறைந்த விலைக்காரரின் தொகை சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தோன்றினால், அவரோடு மட்டுமே விலையைக் குறைக்கப் பேசலாம். இரண்டாமவரைக் கூப்பிட்டுப் பேரம் பேச வழியில்லை. ஒரு காலத்தில் டெண்டர் பெட்டியிருக்கும் அலுவலக வாசலிலேயே ஆள் நிறுத்தி, போட்டியாளர் உறையைப் போடவிடாமல் தடுப்பது தமிழகத்தில் பரவலாகப் பேசப்பட்ட வழக்கமாக இருந்தது. மின்னணு டெண்டர் வந்து, உறைகள் இணையதளத்தில் டிஜிட்டல் கையொப்பத்தோடு பதிவேற்றப்படும் நிலை ஏற்பட்டதும் அந்த வாசலுக்கு வேலையில்லாமல் போனது. வாசலுக்கு வெளியே, முன்கூட்டியே கூடிப் பேசி வைத்துக்கொண்டு ஒருவர் குறைவாகவும் மற்றவர்கள் கூடுதலாகவும் விலை போடும் சிண்டிகேட்டை எந்த இணையதளமும் தடுத்துவிடாது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரியது என்றாலும் அதை மெய்ப்பிப்பது அரிது.

நாகூரைப் பொறுத்தவரை எல்-1 முறை சரிவர இயங்குவதற்குப் பொருளின் விவரக்குறிப்பு, அதாவது என்ன தரத்தில், எந்த அளவில் பொருள் வேண்டும் என்று எழுதும் பகுதி, கடலை நினைவில் வைத்து எழுதப்பட வேண்டியிருக்கிறது. சில்லடிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்புக் காற்று இரும்பு கிளாம்பையும் போல்ட்டையும் அரித்துவிடுகிறது. ரப்பர் வளையம் சரியாக இறுகாத விளக்கில் ஈரம் புகுந்து உள்ளிருக்கும் மின்பலகை கெடுகிறது. கும்பகோணத்தில் பல ஆண்டு எரியக்கூடிய விளக்கு இங்கே அவ்வளவு காலம் தாங்காது. விவரக்குறிப்பில் துருப்பிடிக்காத எஃகையோ நீர் புகாத் தரத்தையோ எழுதாமல் வாட் அளவை மட்டும் எழுதினால், நல்ல பொருளுக்கு விலை போட்டவர் தோற்பதும் மலிவான பொருளுக்கு விலை போட்டவர் வெல்வதும் சட்டப்படியே நிகழும். கருவிகளை வாங்கும்போது பராமரிப்புச் செலவையும் கணக்கிட்டு ஒப்பிட விதிகள் இடமளிக்கின்றன என்பதை நினைத்தால், பழி சட்டத்தின் மேல் விழாது. விவரக்குறிப்பை எழுதுபவர் மேசையில்தான் விழும்.

டெண்டர் இல்லாமல் வாங்கவும் சட்டத்தின் 16ஆம் பிரிவு சில சந்தர்ப்பங்களில் அனுமதிக்கிறது. இயற்கைப் பேரிடரும் அவசர நிலையும் அவற்றுள் முதன்மையானவை. இந்த விலக்கின் தேவையை நாகப்பட்டினத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றபோதும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தபோதும், 15 நாள் காத்திருந்து தார்ப்பாய்க்கும் கம்பத்துக்கும் விலை கேட்டிருக்க முடியாது. ஆனால் நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி பேரிடரன்று. ஜமாதுல் ஆகிர் மாதம் முதல் பிறையில் கொடியேறி, நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு வரும் இவ்விழா, சூரிய நாட்காட்டியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னகர்கிறது என்பதைத் தவிர அதில் எதிர்பாராதது ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால் தூர்வாருவதும் அப்படியே. அக்டோபர் ஆண்டுதோறும் வருகிறது. நாட்காட்டியில் உள்ள தேவையைக் கடைசி வாரத்தில் அவசரத் தேவையாக்கி, தெரிந்த ஒருவரிடம் வாங்குவது எந்த உள்ளாட்சியில் நிகழ்ந்தாலும் அது விலக்கின் நோக்கத்துக்கு எதிரானது.

பணம் கிடைக்கும் நாள் இதைவிடச் சிக்கலான விஷயம். பொருள் வந்து சேர்ந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். பணியாயின் இளநிலைப் பொறியாளர் அளந்து எம்-புக் என வழங்கும் அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதை மேற்பொறியாளர் சரிபார்த்து, கணக்குப் பிரிவு பட்டியல் தயாரித்து, ஆணையர் ஒப்பமிட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகும் கணக்கில் பணம் இருக்க வேண்டும். தமிழக நகராட்சிகள் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி எனத் தனித்தனிக் கணக்குகளை வைத்திருக்கின்றன. சொத்து வரியும் கடை வாடகையும் மாநில நிதி ஆணையப் பகிர்வும் சேரும் வருவாய் நிதியில் சம்பளமும் ஓய்வூதியமும் மின்கட்டணமும் முதல் உரிமை கொள்கின்றன. சப்ளையரின் பில் வரிசையின் கடைசியில் நிற்கிறது. நிதி ஆணைய மானியத்திலோ ஒரு திட்டத்திலோ ஒதுக்கப்பட்ட பணமாயின் நிலைமை வேறு. அது அந்த வேலைக்கென்றே வந்த பணம். டெண்டர் அறிவிப்பைப் பார்க்கும் அனுபவசாலி ஒப்பந்ததாரர் மதிப்பீட்டுத் தொகையைப் படிப்பதற்கு முன் ‘எந்த நிதியில்?’ என்று கேட்பது இதனாலேயே.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். வரி நீங்கலாக மூன்று லட்சம் ரூபாய்க்கு விளக்குகள் தர ஒரு கடைக்காரர் விலை போடுகிறார் என்று வைத்துக்கொண்டால், எட்டு விழுக்காடு லாபம் என்பது 24,000 ரூபாய். பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை, நகராட்சி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கொள்முதலில் கட்டிய வரி கழிந்தது போக அவர் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டுவதால், பணம் வரும்போது நகராட்சி இரண்டு விழுக்காட்டை, அதாவது 6,000 ரூபாயை, ஜி.எஸ்.டி. பிடித்தமாகக் கழித்தே தருகிறது; அது பின்னர் அவர் கணக்கில் வரவாகும் என்றாலும் கையில் வராது. முதலான 2,76,000 ரூபாயை ஒன்றரை வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டிக்கு, வெளியில் வாங்கியிருந்து பில் ஆறு மாதம் கழித்துப் பாஸானால், வட்டி மட்டும் 24,840 ரூபாய். லாபம் முழுதும் போய் மேலும் 840 ரூபாய் கைநட்டம். இந்தப் பாடத்தை ஒரு முறை கற்றவர் அடுத்த டெண்டரில் அந்த 24,840 ரூபாயை விலையில் ஏற்றிவிடுகிறார். அல்லது விலை போடுவதையே விட்டுவிடுகிறார். முதல் வழியில் நகராட்சி தன் தாமதத்துக்குத் தானே வட்டி கட்டுகிறது. இரண்டாம் வழியில், காத்திருக்கக்கூடிய பெரிய முதல் உடைய இரண்டு மூன்று பேர் மட்டுமே களத்தில் எஞ்சுகிறார்கள், சிண்டிகேட் அமைவதும் எளிதாகிறது. இரண்டுமே எல்-1 பட்டியலில் தெரிவதில்லை.

தாமதத்துக்கு மருந்தாக 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும் என்றும் அது சொல்கிறது. இத்தகைய தாமதப் புகாரை விசாரிக்கும் வசதியாக்கக் குழுவின் தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குநர் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். கடுமையான சட்டம்தான். ஆனால் நாகூர்க் கடைக்காரர் பெரும்பாலும் உற்பத்தியாளர் அல்லர், வாங்கி விற்பவர். 2021 ஜூலையில் மத்திய அரசு மொத்த, சில்லறை வணிகர்களை இத்தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குள் கொண்டுவந்தபோதே, முன்னுரிமைத் துறைக் கடன் ஒன்றுதான் அவர்களுக்கான பயன் என்று வரையறுத்துவிட்டது. 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு எட்டவில்லை. உத்யம் சான்றிதழைக் கடையில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருப்பவர்களில் பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது. குறித்த காலத்தில் பணம் தராத நிறுவனத்துக்கு அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அவ்வாண்டு கழிக்க விடாத திருத்தம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வருமானத்தின் பெரும்பகுதிக்கு வரிவிலக்குப் பெற்ற நகராட்சியை அது அசைக்காது. உரிமை உள்ள உற்பத்தியாளரும், அடுத்த டெண்டரை எண்ணி, வாடிக்கையாளர் மேல் வழக்குப் போடத் தயங்குவார் என்பது சொல்லாமலே விளங்கும்.

தமிழகக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போன வணிகர்கள் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் நாகூர் தர்காவை எழுப்பினார்கள். அந்நாட்டு அரசு இன்று ‘ஜீபிஸ்’ என்னும் இணையதளம் வழியே கொள்முதல் செய்து, பொதுவாகப் பில் கிடைத்த 30 நாளில் பணம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஆணையும் அரசு அமைப்புகளுக்குப் பொதுவாக 30 நாளையே கெடுவாக வைக்கிறது. இங்கே அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பணம் செலுத்தும் நிபந்தனைகளை டெண்டர் ஆவணத்திலேயே எழுதலாம். பொருளை ஏற்றுக்கொண்ட இத்தனையாம் நாளில் பணம், தாமதித்தால் இன்ன வட்டி, எந்த நிதியிலிருந்து என்ற மூன்று வரியை நகராட்சி சேர்ப்பதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கவில்லை. அந்த வரிகளுடன் ஒரு டெண்டரும் அவை இல்லாமல் ஒரு டெண்டரும் ஒரே பொருளுக்கு விடப்பட்டால், இரண்டிலும் எத்தனை பேர் விலை போட்டார்கள், எல்-1 எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க நகராட்சியின் சொந்தப் பதிவேடுகளே போதும்.