‘அடுத்து’ பொத்தானுக்குப் பின்னால்

சேலத்திலிருந்து தருமபுரி போகும் பஸ் தொப்பூர் கணவாயை ஏறி முடித்து, நிமிர்ந்து ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நல்லம்பள்ளி வந்துவிடும். தாலுகா ஆபீஸ், வாரச்சந்தை, நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைகள் என்று எல்லாம் உள்ள ஊர். பெரிய பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்கு இணையத்தில் பாடம் நடத்தும் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுத இந்த ஊரை ஏன் பிடித்தேன் என்று கேட்பீர்கள். அந்தத் தொழில்நுட்பம் இங்கே வந்து நாளாகிறது! எங்கே என்கிறீர்களா? போஸ்ட் ஆபீஸில்!

2022 ஜூன் 28 அன்று அஞ்சல்துறை ‘டாக் கர்மயோகி’ என்ற இணையப் பயிற்சித் தளத்தைத் தொடங்கியது. துறை ஊழியர்களும் கிராமிய அஞ்சல் ஊழியர்களுமாகச் சுமார் 4 லட்சம் பேருக்கு ஒரே வகுப்பறை. இவ்வளவு பேர் வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களை நம் நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். துறைக்கு மதுரையில் பயிற்சி மையம் உண்டு. ஆனால் தினம் நாலைந்து மணி நேர வேலைக்கு ஒரு கிளை அஞ்சலகத்தைத் தனியாளாகத் திறந்து வைத்திருப்பவரை எத்தனை தடவை மதுரைக்கு அனுப்ப முடியும்? அவர் மதுரைக்குப் போனால் இங்கே ஆர்.டி. கட்ட வருகிறவர் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். வேலையோ மாறிக்கொண்டே இருக்கிறது. 2017 முடிவில் ‘தர்ப்பண்’ திட்டத்தில் கையடக்கக் கருவி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் புதிய மென்பொருளுக்கே மாறினார்கள். எனவே பாடம்தான் ஆளைத் தேடி வர வேண்டும். வந்தது.

இப்போது திரைக்குப் பின்னால் போகலாம், வாருங்கள். எனக்கு இதில் அடங்காத உற்சாகம்!

கம்பெனியில் உங்களுக்கு வரும் ‘பாதுகாப்புப் பயிற்சி’, ‘தகவல் பாதுகாப்பு’ போன்ற பாடங்களில் பெரும்பாலானவை உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். படம், ஒலி, வினாடி வினா எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். அதைப் பிரித்தால் ‘ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட்’ என்ற சின்னக் கோப்பு ஒன்று கண்ணில் படும். பாடத்தில் என்னென்ன இருக்கிறது, எங்கே தொடங்க வேண்டும் என்று பயிற்சித் தளத்துக்குச் சொல்வது அதுதான். இந்த ஏற்பாட்டின் பெயர் ஸ்கார்ம். இதற்கு விதை போட்டவர்கள் விமானக்காரர்கள்! ஒவ்வொரு விமானத் தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகக் கணினிப் பாடம் கொடுத்தால் விமான நிறுவனங்கள் என்ன செய்யும்? 1988-இல் ஒரு குழுவாகக் கூடினார்கள், பிறகு பொது விதி வகுத்தார்கள். பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் ஸ்கார்ம் உருவானது. அதன் 1.2 பதிப்பு 2001-இல் வெளிவந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் உலகத்து நிறுவனங்களில் பாதுகாப்புப் பாடமும் சட்டப் பாடமும் இன்றும் அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

அந்த 1.2 பதிப்பு, ஒரு மாணவர் எங்கே விட்டார், எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்பதையெல்லாம் நினைவில் வைக்க ஒதுக்கிய இடம் 4096 எழுத்துக்குறிகள். இந்தக் கட்டுரைகூட முழுதாக அதில் அடங்காது! பாடம் செய்பவர்கள் அந்தச் சின்ன இடத்துக்குள் விவரங்களைச் சுருக்கிச் சுருக்கி அடைக்கிறார்கள். எல்லை மீறினால், பாதியில் விட்டுப்போனவர் திரும்ப வரும்போது பாடம் அவரை மறந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிடும். இன்னொரு வேடிக்கை, பெயர். ஸ்கார்ம் விதிப்படி குடும்பப் பெயர் முதலில், பிறகு காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். சான்றிதழில் அப்பாவின் பெயரும் பிள்ளையின் பெயரும் இடம் மாறி நிற்பது இப்படித்தான்.

2013-இல் எக்ஸ்ஏபிஐ என்ற புது முறை வந்தது. இது ‘யார், என்ன செய்தார், எதை’ என்று வாக்கியமாகவே எழுதி வைக்கிறது. ‘கவிதா முடித்தார் தீயணைப்புப் பாடத்தை’ என்பது மாதிரி. பாடத்துக்கு வெளியே நடப்பதையும், பட்டறையில் கருவியைக் கையாண்டதைக்கூட, இதில் பதியலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது மட்டும் படிப்பு இல்லை என்று ஒரு தொழில்நுட்ப விதி ஒப்புக்கொண்ட தருணம் அது.

பாடம் செய்கிற கூடத்துக்குள் போனால் ஆர்டிகுலேட் ஸ்டோரிலைன், அடோபி கேப்டிவேட் போன்ற கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். பாடத்தைத் திட்டமிடுபவர், துறை வல்லுநர், வரைகலைஞர், குரல் கொடுப்பவர் எல்லாரும் ஒரு ‘ஸ்டோரிபோர்டை’ச் சுற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். இவர்களுக்கு விழுந்த பெரிய அடி ஃபிளாஷ் மென்பொருள் மறைந்ததுதான். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் ஓடவே இல்லை. வருஷக்கணக்காகச் செய்து அடுக்கிய பாடங்களை எச்டிஎம்எல் 5-க்கு மாற்ற வேண்டியிருந்தது, அதுவும் கொரோனா காலத்தில். கஷ்டம்தான், ஆனால் அதனால்தான் பாடம் போனுக்குள் இறங்கியது. ஃபிளாஷ் இருந்திருந்தால் நல்லம்பள்ளியில் போனில் பாடம் படிப்பது நடக்கிற காரியமா?

தளங்களில் எனக்கு மிகப் பிடித்தது மூடுல். அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். அவருடைய ஆரம்பப் பள்ளி ரேடியோவில் நடந்தது, பாடத்தாள்கள் விமானத்தில் வந்தன! அந்தப் பையன் பெரியவனாகி 2002-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நிறுவனங்களுக்கெனத் தனிப் பதிப்பும் வந்துவிட்டது. நம் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். எக்ஸ்டெப் அறக்கட்டளை தந்த திறந்த மூல மென்பொருளான ‘சன்பேர்ட்’ மேல் எழுந்தது அரசு ஊழியர்களுக்கான ஐகாட் கர்மயோகி. அதில் பதிந்தவர்கள் 1 கோடியைத் தாண்டிவிட்டார்கள். நம்ம ஊர் ஜோஹோவிடம் டிரெய்னர்சென்ட்ரல் இருக்கிறது, ஜோஹோ லேர்ன் இருக்கிறது. சென்னையில் தொடங்கிய குவி, தமிழில் கோடிங் சொல்லிக்கொடுத்தே வளர்ந்த நிறுவனம். 2022-இல் எச்சிஎல் குழுமம் அதில் பெரும்பங்கை வாங்கியது.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீடியோவை முன்னால் தள்ளிப் பார்க்க முடியாதபடி பூட்டி வைப்பது. பத்து வருஷம் அதே வேலை பார்த்தவரையும் முழு வீடியோவைப் பார்க்கவைக்கிறார்கள். முதலில் தேர்வை வையுங்கள், தேறினால் பாடத்தைத் தாண்டிப் போகட்டும். பெரும்பாலான கருவிகளில் இந்த வசதி இருக்கிறது. பயன்படுத்தத்தான் மனமில்லை.

இப்போது என்னைத் துள்ளவைக்கும் விஷயம், தமிழ்! பழைய கருவிகளில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காமல் வழியும். அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் செயற்கைக் குரல்களில் தமிழுக்கு என்ன பெயர்கள் தெரியுமா? இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர். சிங்கப்பூர்த் தமிழுக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்குக் கனி, சூர்யா. இலங்கைக்குச் சரண்யா, குமார். பாதுகாப்பு விதி ஒன்று மாறினால் ஸ்டூடியோவைத் தேடி ஓட வேண்டாம், வாக்கியத்தை மாற்றினால் போதும், வெண்பா படித்துவிடுவாள்! மொழிபெயர்ப்புக்கு சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 இருக்கிறது. 22 அட்டவணை மொழிகளும் அதில் உண்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஆனாலும் ஆங்கிலத்தில் எழுதி, இயந்திரத்தில் தமிழாக்கி, குரலையும் இயந்திரத்துக்கே கொடுத்தால் கேட்பவருக்கு ஒன்றும் ஏறாது. மெஷினை ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘செயல்பாட்டை இடைநிறுத்தம் செய்யவும்’ என்று வந்தால் கை போய்விடும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ஆம் வருஷத்துச் சட்டம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ஊழியர்களுக்கு விழிப்புணர்வு தருவதும் முதலாளியின் கடமை. ஓசூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இந்த 3 மாதக் கணக்கு அவளுடைய பேச்சுத் தமிழில் புரிய வேண்டும். ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு ‘முடித்தார்’ என்று தளம் காட்டினாலும் அவளுக்கு அது எந்த உதவியும் செய்யாது. நல்லம்பள்ளி வட்டத்திலேயே சிப்காட் பூங்கா வருகிறது. நாளைக்கு இந்தப் பாடங்களைப் படிக்கப் போவது இந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.

பாடம் தயாரிப்பவர்களே, முதல் ஸ்டோரிபோர்டைத் தமிழில் எழுதுங்கள். விலை குறைந்த ஒரு போனில், சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், பஸ்ஸில் உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களே, அடுத்த கட்டாயப் பயிற்சி ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் எச்.ஆருக்கு இரண்டு வரி எழுதிப்போடுங்கள், தமிழில் வேண்டும் என்று. கருவி இருக்கிறது, குரல் இருக்கிறது. கேட்கிற ஆள்தான் வேண்டும்.