பல்லிழந்த தாடையும் மறுநடுகையும்

றொசல்லப் புகையிரத நிலையத்துக்கு மேலேயுள்ள மேட்டில் என் வீடு. மாலை வேளைகளில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அங்கு தமிழ் படிக்க வருவர். ஒருநாள் தொல்காப்பியத்துப் பிறப்பியலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேற்பல்லும் கீழுதடும் பொருந்தினாலன்றி வகரம் பிறவாது. நுனிநா மேற்பல்லின் அடியைத் தொட்டாலன்றித் தகரமும் நகரமும் பிறவா. கருவி எதுவுமில்லாத காலத்தில் ஓராசிரியர் தம் வாயையே ஆய்வுகூடமாகக் கொண்டு இவற்றைக் கண்டறிந்த நுட்பத்தை வியந்து, வகரத்தை ஒலித்துக் காட்ட உதட்டை உயர்த்தினேன். உதட்டோடு என் கீழ்ப் பொய்ப்பற்கட்டும் கிளம்பி வந்துவிட்டது. வரவேண்டிய வகரம் வெறுங்காற்றாய்ப் போயிற்று. பிள்ளைகள் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அவர்களோ ஒருமிக்கத் தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்கள். அதுதான் என்னை வருத்திற்று.

பல் போனாற் சொல் போகும் என்பது பழமொழி. பல் போனால் எலும்பும் போகும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அதனை அறிந்துகொள்வதற்கு, வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்கி, ஒரு பல் வைத்தியரின் முன்னே வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

வைத்தியர் இளைஞர், பொறுமைசாலி. என் தாடையைக் கதிர்ப்படம் எடுத்து ஒளித்திரையில் காட்டினார். கீழ்த்தாடையின் மேல்விளிம்பு கத்தி முனைபோலக் கூர்ந்திருந்தது. "மாஸ்டர், உங்களுக்குப் பல் இல்லாதது பெரிய குறையில்லை. பல்லை ஊன்றுவதற்கு எலும்பு இல்லாததுதான் குறை" என்றார்.

பின்னர் அவர் விளக்கியதை என் மாணவருக்குச் சொல்வதுபோலவே இங்கும் சொல்கிறேன். தாடையெலும்பில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று அடித்தளம், மற்றது அதன் மீதமைந்த பற்குழி மேடு. இந்த மேடு பல்லுக்காகவே பிறப்பது. பல் முளைக்கும்போது உடன் வளர்ந்து, பல் விழுந்ததும் தேய்ந்து மறைவது. பல்லின் வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் பிணைத்திருக்கின்றன. நாம் மெல்லுந்தோறும் அந்நார்கள் எலும்பைச் சிறிது இழுக்கும். அவ்விழுப்பே எலும்புக்கு உயிரூட்டும். பல்லைப் பிடுங்கிய முதலாண்டிலேயே மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதிவரை குறைந்துவிடலாம். பொய்ப்பற்கட்டோ ஈற்றின் மேலிருந்து அழுத்துமேயன்றி எலும்பை இழுப்பதில்லை. பொய்ப்பல் அணிவோரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, தேய்வு நிற்பதேயில்லை என்றும், முன்புறத்தில் கீழ்த்தாடை மேற்றாடையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்கின்றது என்றும் காட்டிற்று. என் கீழ்ப் பற்கட்டு மட்டும் தோணிபோல் மிதப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

"பற்கள் எப்படிப் போயின? சொத்தையா?" என்று வைத்தியர் கேட்டார். இல்லை, சொத்தையென்று ஒன்றுமில்லை. ஈறு வீங்கும், இரத்தம் கசியும், பல் ஆடும், ஒருநாள் விரலோடு வந்துவிடும். என் தந்தையாருக்கும் அப்படியே. தோட்டத்திற் கவ்வாத்து வெட்டிய அவர் கைக்கு வலிமை குன்றவில்லை. ஆனால் 45 வயதில் அவர் வாயில் ஒரு பல்லும் இல்லை. காலையிற் பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டியை வெறுந்தேநீரில் ஊறவைத்து விழுங்குவார். லயத்திற் பலரும் அவ்வாறே உண்டனர்; ஆகையால் அதை ஒரு நோயென்று யாரும் கருதவில்லை. வயது வந்தால் பல் விழும். அவ்வளவே எங்கள் மருத்துவ அறிவு.

இதைக் கேட்ட வைத்தியர் சொன்ன செய்தி என்னைத் திடுக்கிடச் செய்தது. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் படிக்கும் பாடமொன்று நம் மலையகத்திலிருந்தே பிறந்ததாம். 1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் நுவரெலியா மாவட்டத்துக்கு வந்தனர். பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினன் தோட்டத்திலும் ஹரோ தோட்டத்திலும், ஏறக்குறைய 15 முதல் 30 வயது வரையுள்ள 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தனர். அவர்கள் நம்மவர், தமிழர். பற்றூரிகையையும் பல் வைத்தியரையும் அறியாதவர். சொத்தைப் பல்லும் அவர்களிடம் அனேகமாக இல்லை. மருத்துவம் குறுக்கிடாவிட்டால் ஈற்று நோய் எவ்வாறு நடைபோடும் என்பதை அறிய இத்தகையோரே ஏற்றவர் என்று அந்த அறிஞர் கருதினர். ஒப்பு நோக்குவதற்கு ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களுமாக 565 பேரைக் கொண்டனர். 1985 வரை மீண்டும் மீண்டும் வந்து அளந்தனர்.

நாற்பது வயதை நெருங்கும் நோர்வேக்காரரின் பற்கள் சராசரி 1.5 மில்லிமீற்றர் அளவே பிடிமானத்தை இழந்திருந்தன. நம் தொழிலாளரின் பற்கள் 4.5 மில்லிமீற்றர் இழந்திருந்தன. நம்மவருள்ளும் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பேரிடம் நோய் பாய்ந்து சென்றது. 81 பேரிடம் நடந்து சென்றது. 11 பேரிடம் ஈற்றழற்சியோடு நின்றது. பாய்ந்து சென்ற கூட்டத்தார் 45 வயதளவில் பற்களனைத்தையும் இழந்தனர்.

45 வயது! என் தந்தையாரின் வயதன்றோ? அவர் எந்த ஆய்விலும் சேர்ந்தவரல்லர். ஆயினும் அந்த எண்ணைக் கேட்டபோது அவர் முகமே என் முன் நின்றது. 2010ஆம் ஆண்டில் மீண்டுமொரு குழுவினர் வந்து தேடியபோது, அந்த 480 பேரில் 75 பேரைக் கண்டு பரிசோதிக்க முடிந்ததாம். உலகுக்குப் பாடமாக அமைந்த அந்தத் தாடைகளுக்குரியவர் ஆய்வேடுகளில் எண்களாகவே நிற்கின்றனர்.

இனி, இழந்த பல்லை மீட்கும் வித்தைக்கு வருவோம். சுவீடன் நாட்டு வைத்தியர் பெர்-இங்வார் பிரோனமார்க் பல்லைத் தேடிப் புறப்பட்டவரல்லர். 1952ஆம் ஆண்டளவில் எலும்பினுள் இரத்தவோட்டத்தைக் காண்பதற்காக முயலின் காலெலும்பில் டைட்டேனியக் குழல் ஒன்றைப் பதித்தார். வேலை முடிந்து கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தைப் பகையென்று தள்ளாமல் உறவென்று தழுவியிருந்தது. 1965இல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனிய வேர்களைப் பதித்தார். 2006இல் அம்மனிதர் இறக்கும் வரை அவ்வேர்கள் பயன்பட்டன.

இந்த வேர் ஒரு சிறு திருகாணி. அதனைச் சுற்றி எல்லாப் பக்கமும் எலும்பு வேண்டும். ஆகவே வாய் முழுவதும் பல் பதிப்பதில் திருகாணியை முடுக்குவது சிறு வேலை. நிலத்தைப் பண்படுத்துவதே பெருவேலை. தோட்டத்தில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. பழைய தேயிலை மலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது உடனே கன்றை நடுகிறார்களா? குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ வளர்த்து, வெட்டி, அதே மண்ணிற் பரப்பி, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் நிலத்தைத் தேறவிடுகின்றனர். அதன் பின்னரே தவறணையில் வளர்ந்த கன்று மலையேறும். தாடைக்கும் அதே நியதிதான்.

முதலில் ஆளைச் சோதிப்பர். இரத்தத்திற் சீனியின் அளவு கட்டுக்குள் இருக்கவேண்டும். புகைப்போருக்கு எலும்பு ஒட்டுவது குறைவு. எலும்புத் தேய்வுக்காக உட்கொள்ளும் சில மருந்துகள் தாடையின் புண்ணை ஆறவிடாமற் செய்யும். வெற்றிலை பாக்கு மெல்லுவோரின் கன்னங்களைத் தடவிப் பார்ப்பர். பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்சதை நாராக இறுகினால் வாய் இரண்டு விரல் அளவும் திறவாது. திறவாத வாயிற் கருவி நுழையாது. அதனினுங் கொடியது புற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம், புகையிலை சேராத பாக்கையும் 2004இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் வைத்தது. இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்றேயாகும். ஆகவே வெண்படலமோ ஆறாத புண்ணோ கண்டால் பல் பேச்சை விட்டுவிட்டு அதைத்தான் முதலிற் கவனிப்பர்.

அடுத்து முப்பரிமாண ஸ்கான். எலும்பின் உயரம், அகலம், அடர்த்தி யாவும் அதில் தெரியும். கீழ்த்தாடையினுள் ஓடும் நரம்பைத் தீண்டினால் உதடு மரத்துப்போகும். அதன் வழியை அறியவேண்டும். மேற்றாடையில், கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை, கடைவாய்ப் பற்கள் போனபின் கீழ்நோக்கிப் பரவி எலும்பை மெலிவித்திருக்கும். எஞ்சிய ஆடும் பற்களை அகற்றி ஈற்று நோயை ஒழித்த பிறகே எலும்பு வேலை தொடங்கும். கத்தி முனைபோன்ற விளிம்பைச் சீவித் தட்டையாக்குவது ஒரு முறை. எலும்பு போதாத இடத்திற் சேர்ப்பது மற்றொரு முறை: நோயாளியின் மோவாயிலிருந்தோ கடைவாய்ப் பக்கத்திலிருந்தோ சிறு துண்டை எடுத்துப் பொருத்தலாம், பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளையும் இடலாம். அத்துகள் பந்தலாக நிற்க, நம் எலும்பு அதன்மேற் படர்ந்து வளரும். மேற்றாடையிற் காற்றறையின் மெல்லிய சவ்வை மெதுவாக உயர்த்தி அதன் கீழே துகளை நிரப்புவதும் உண்டு. இது 1980 முதல் மருத்துவ ஏடுகளிற் பதிவான முறை. இட்ட எலும்பு முற்றுவதற்கு நான்கு முதல் ஒன்பது மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

அதன்பின் வேர் பதிப்பு. முழு மேற்றாடைக்கு ஆறோ எட்டோ, கீழ்த்தாடைக்கு நான்கோ ஆறோ வேர்கள் இடுவது வழக்கம். எலும்பு அவற்றைப் பற்றுவதற்குக் கீழே மூன்று மாதம், மேலே ஆறு மாதம் என்பது பிரோனமார்க் வகுத்த பழைய கணக்கு. தகுந்த எலும்புள்ளோருக்கு இன்று அது குறைந்துள்ளது. போர்த்துக்கேய வைத்தியர் பவுலோ மாலோ 2003இல் வெளியிட்ட முறையில், பின்வேர்கள் இரண்டையுஞ் சாய்த்துப் பதித்து, நான்கே வேர்களில் ஒரு தாடைப் பல்வரிசையை நிறுத்துவர். எலும்பு சேர்க்கும் தேவை பலருக்கு அதனால் நீங்குகிறது.

இவ்வளவும் கேட்டபின் விலையையும் கேட்டேன். வாய் முழுவதற்குமான தொகை, என் ஓய்வூதியத்தை ஆண்டுக்கணக்காகச் சேர்த்தாலும் எட்டாதது. கொழுந்து பறித்து நாட்சம்பளம் பெறும் குடும்பத்துக்கு அது கனவிலும் வாராது. வைத்தியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொரு வழி கூறினார். 2002ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு வேர்களும் அவற்றிற் கொளுவும் பற்கட்டுமே முதற்றெரிவாக அமையத்தக்கது என்று உடன்பட்டனர். மேலே பழைய பற்கட்டே போதும். அது அண்ணத்திற் காற்றிறுக்கத்தால் ஒட்டி நிற்கும். என் தாடையின் முன்புறத்தில் அவ்விரண்டுக்கு மட்டும் எலும்பு எஞ்சியிருந்தது.

அதற்கே சம்மதித்தேன். அதற்கும் கடன் பட்டேன். மரக்க மருந்திட்டு விளிம்பைத் தட்டையாக்கி இரண்டு வேர்களையும் பதித்தபோது வலியினும் சத்தமே அதிகம். மூன்று மாதங்கள் கஞ்சியும் மசித்த கிழங்குமாகக் கழிந்தன. பின்பு பற்கட்டு 'கிளிக்' என்ற ஓசையோடு வேரிற் பூட்டிக்கொண்டது. அன்றிரவு ஊறவைக்காத ரொட்டியைக் கட்டச் சம்பலோடு மென்று தின்றேன். தந்தையாரை நினைத்துத் தொண்டை அடைத்தது.

விடைபெறும்போது வைத்தியர் ஓர் எச்சரிக்கை தந்தார். டைட்டேனியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈற்றுக்கு நோய் வரும். முன்பு பல்லைத் தின்ற அழுக்குப் படலம் அங்கும் எலும்பைத் தின்னும். நாள்தோறும் துலக்காவிட்டால் கடன்பட்டு நட்ட வேரும் ஒருநாள் ஆடும்.

ஆசிரிய நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். உலகம் எங்கள் தோட்டங்களில் அளந்து கண்ட பாடம், எலும்பு போவது விதியன்று என்பதே. ஒஸ்லோ வாலிபர் நம்மவரினும் உயர்ந்த எலும்போடு பிறந்தவரல்லர். சிறு வயதுமுதல் தூரிகையும் பராமரிப்பும் பெற்றவர். தேய்ந்த தாடையைத் திருத்த மாதங்களும் பெரும் பொருளும் வேண்டும். தேயாமற் காக்கக் காலையும் இரவும் சில நிமிடங்கள் போதும். ஈற்றில் இரத்தம் கண்ட பிள்ளையிடம் "அது ஒன்றுமில்லை" என்று நாம் சொல்லாதிருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மறுவாரம் பிறப்பியலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வகரம் தெளிவாக வந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒலிக்கச் சொன்னேன். அவர்கள் வாயைத் திறந்தபோது, முதன்முறையாக, எழுத்தைக் கேட்குமுன் ஈற்றைப் பார்த்தேன். இருவருக்கு இரத்தம் கசிந்திருந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு என் கதையை அவர்களுக்குச் சொன்னேன்.